சிவப்பைக் கண்டு பயம், மஞ்சளைப் பார்க்க மறதி

வீட்டுக்குப் புதிதாக ஒரு குழந்தை வந்துவிட்டால், முதல் வாரம் முழுவதும் எல்லார் கண்ணும் அதன் முகத்தில்தான் இருக்கும். மூக்கு யார் ஜாடை, நெற்றி யார் ஜாடை என்று பேச்சு தொடங்கும். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ பேச்சு திசை மாறும். "கன்னத்துல என்ன, சிவப்பு சிவப்பா இருக்கு?" "கொசு கடிச்சிருக்குமோ?" "அவ எதையோ சாப்பிட்டிருப்பா, அதான்." பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடி வீடானாலும் கிள்ளான் தாமான் வீடானாலும் இந்தப் பேச்சு ஒன்றுதான். கடைசியில், வீட்டில் இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளை யாரோ, அவரிடம் கைப்பேசி நீட்டப்படும். "நீதான் சயன்ஸ் படிக்கிறியே, என்னான்னு பார்த்துச் சொல்லு."

அந்தப் பிள்ளை நீங்களாக இருக்கலாம். அதனால் இந்த வாரம் உங்களிடம் ஒரு கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். பிறந்த குழந்தையின் முகத்தில் தோன்றும் சிவப்பையும் புள்ளிகளையும் கண்டு நம் வீடுகள் தேவைக்கு மேல் பயப்படுகின்றன. அதே முகத்தில் தோன்றும் மஞ்சளைத் தேவையான அளவு கவனிப்பதில்லை. முதலாவது பெரும்பாலும் தானே வந்து தானே போகும். இரண்டாவதும் பெரும்பாலும் தானே போய்விடும். ஆனால் அளவு மீறினால் மூளையைக் கெடுக்கும். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு வீட்டிலும் வேண்டும்.

தண்ணீரிலிருந்து காற்றுக்கு

தோல் ஒரு புலனுறுப்பு என்று அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். அது ஒரு வேலியும்கூட. கிருமியை உள்ளே விடாமல் தடுக்கிறது. உடலின் நீரை வெளியே விடாமல் காக்கிறது. இப்போது ஒரு கணம் குழந்தையின் நிலையை நினைத்துப் பாருங்கள். ஒன்பது மாதம் கருப்பை நீரில், எப்போதும் ஒரே வெப்பத்தில் மிதந்து கிடந்த தோல் அது. பிறந்த நிமிடத்திலிருந்து அதற்குக் காற்று, துணி, கைகள், வியர்வை, கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் எல்லாம் ஒரே நேரத்தில் அறிமுகமாகின்றன.

அந்த வேலி இன்னும் முழுதாகக் கட்டி முடிக்கப்படவில்லை. குழந்தைத் தோலின் மேலடுக்கு பெரியவர்களுடையதைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு மெல்லியது. நம் தோலின் மேற்பரப்பில் இருக்கும் இலேசான அமிலத்தன்மை கிருமிகளுக்குப் பிடிக்காத ஒன்று. பிறந்த குழந்தையிடம் அது உருவாகச் சில வாரங்கள் ஆகும். இன்னொரு கணக்கும் போடலாம். 3 கிலோ குழந்தையின் தோல் பரப்பு சுமார் 2,000 சதுர சென்டிமீட்டர். 65 கிலோ பெரியவருக்குச் சுமார் 17,000. ஒரு கிலோவுக்கு எவ்வளவு தோல் என்று வகுத்துப் பாருங்கள். குழந்தைக்கு ஏறக்குறைய இரண்டரை மடங்கு வரும். தோலில் தடவும் எதுவும் நம்மைவிடக் குழந்தையை அதிகம் பாதிக்கும் என்பதற்கு இந்த வகுத்தல் ஒரு முக்கியக் காரணம்.

பெயரில் மட்டும் நஞ்சு

நம் பாட்டிமாரைப் பயமுறுத்தும் அந்த மூன்றாம் நாள் சிவப்புக்கு மருத்துவத்தில் ஒரு நீண்ட பெயர் உண்டு: எரித்திமா டாக்ஸிகம் நியோனடோரம். நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது வருகிறது. சிவந்த திட்டு, அதன் நடுவே வெள்ளை அல்லது மஞ்சள் நிறத்தில் கடுகளவு கொப்புளம். பார்த்தால் பூச்சிக்கடி போலவே இருக்கும். காலையில் கன்னத்தில் இருப்பது மாலையில் மறைந்து மார்பில் தோன்றும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் பெரும்பாலும் வராது. ஒன்றிரண்டு வாரத்தில் தடம் தெரியாமல் போய்விடும். மருந்து எதுவும் வேண்டாம்.

இது புதிய நோயல்ல. 15-ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மன் மருத்துவர் பார்த்தலோமியஸ் மெட்லிங்கர் குழந்தை வளர்ப்பு பற்றிய தம் நூலில் இதைக் குறிப்பிட்டிருக்கிறார். 1912-இல் கார்ல் லைனர் என்ற மருத்துவர் இதற்கு இன்றைய பெயரை வைத்தார். குடலில் உண்டாகும் ஏதோ நச்சுப்பொருள்தான் காரணம் என்று அவர் நினைத்தார். அதனால் 'நச்சுச் சிவப்பு' என்று பொருள்படும் பெயர். பின்னால் வந்தவர்கள் அந்தக் கொப்புளத்தைத் திறந்து நுண்ணோக்கியில் பார்த்தபோது நஞ்சும் இல்லை, கிருமித்தொற்றும் இல்லை. ஈசினோஃபில் என்ற வெள்ளையணுக்கள்தாம் கூடியிருந்தன. தோலில் குடியேறவரும் நுண்ணுயிரிகள் மயிர்க்கால் வழியே நுழைவதை உடலின் காவற்படை முதன்முறையாகக் கண்டு எழுந்து நிற்பதன் அடையாளமே இந்தச் சிவப்பு என்பது இன்று பலர் ஏற்கும் விளக்கம்.

"தாய் சாப்பிட்டது குழந்தைக்கு நஞ்சாகிவிட்டது" என்று வீட்டில் சொல்லும்போது, நூறாண்டுக்கு முன் ஒரு மருத்துவரும் கிட்டத்தட்ட இதையே நினைத்தார் என்பதை நீங்கள் எடுத்துச் சொல்லலாம். வேறுபாடு ஒன்றுதான். மருத்துவம் அந்தக் கருத்தைச் சோதித்துப் பார்த்துக் கைவிட்டது. பெயர் மட்டும் பழக்கத்தில் ஒட்டிக்கொண்டது. நம் வீடுகளில் அந்தக் கருத்தே இன்னும் இருக்கிறது. அதன் சுமையைப் பிரசவித்த தாய்தான் சுமக்கிறாள். அவள் தட்டிலிருந்து மீன் போகிறது, கீரை போகிறது, முட்டை போகிறது. பால் சுரக்க நன்றாகச் சாப்பிட வேண்டிய நாளில், குழந்தையின் கன்னத்துச் சிவப்புக்காக அவள் ரசமும் சோறும் சாப்பிடுகிறாள்.

மற்ற புள்ளிகள்

மூக்கு நுனியிலும் கன்னத்திலும் ரவை தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் அவை மிலியா. கெராட்டின் என்ற புரதம் தோலுக்குள் சிறு உருண்டையாக அடைபட்டுக் கிடப்பதுதான் அது. நம் நகமும் முடியும் ஆன அதே புரதம். சில வாரங்களில் தானே உதிரும். நகத்தால் கிள்ளினால்தான் தொல்லை.

இரண்டு மூன்று கண்ணிமைகளைச் சேர்த்து ஒட்டியதுபோல் நெற்றி நடுவிலும் இமைமேலும் பிடரியிலும் இளஞ்சிவப்புத் திட்டு தெரியலாம். அழும்போது அது இன்னும் சிவக்கும். அங்குள்ள நுண்ணிய ரத்தக் குழாய்கள் சற்று விரிந்திருக்கின்றன, அவ்வளவுதான். முகத்தில் இருப்பவை பெரும்பாலும் ஓரிரு ஆண்டுக்குள் மங்கிவிடும். மேல்நாட்டில் இதை 'நாரை கொத்திய இடம்' என்றும் 'தேவதை முத்தம்' என்றும் சொல்வார்கள். நம் ஊரில் கிரகணத்தின்மேல் பழி போடுவார்கள். இரண்டும் கதைதான்; ஆனால் முதல் கதை தாயைக் குற்றவாளி ஆக்குவதில்லை.

வேர்க்குருவை உங்களுக்கே தெரியும். கோலாலம்பூரின் புழுக்கத்தில், ஜன்னலைச் சாத்திக் கம்பளித் தொப்பியும் போட்டு இறுகச் சுற்றிவைத்தால், முதிராத வியர்வை நாளங்கள் அடைத்துக்கொள்ளும். அதற்கு மருந்து மெல்லிய பருத்தித் துணியும் காற்றோட்டமும்தான்.

செய்வதால் வரும் வினை

என் கவலை இந்தப் புள்ளிகளைப் பற்றியதல்ல. அவற்றைப் போக்க நாம் செய்வதைப் பற்றியது. சில வீடுகளில் குழந்தையின் சிவப்பை 'செவ்வாப்பு' என்று சொல்லி நாட்டு மருந்து தேடுவார்கள். சில வீடுகளில் கடலைமாவு, பயத்தமாவு தேய்ப்பார்கள். மஞ்சள் பூசுவார்கள், முகம் வெளுக்கப் பவுடர் அடிப்பார்கள், சாம்பிராணிப் புகை காட்டுவார்கள், கண்ணுக்குள் மை இடுவார்கள். இவற்றின் பின்னால் இருப்பது அன்புதான். அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் நாம் போட்ட கணக்கை நினைவில் வையுங்கள். மெல்லிய தோல், எடைக்கு இரண்டரை மடங்கு பரப்பு. மாவு தேய்த்தால் வேலி உரியும். பவுடர்த் துகள் நுரையீரலுக்குள் போகும். புகை மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும். கண் மை சிலவற்றில் ஈயம் உண்டு. வளரும் மூளைக்கு ஈயம் பகை.

கண்ணேறு படக்கூடாது என்று கன்னத்திலோ பாதத்திலோ ஒரு பொட்டு வைப்பதை நான் எதிர்க்கப் போவதில்லை. பாட்டியோடு எல்லாவற்றுக்கும் சண்டை போட்டால் எதிலும் வெல்ல மாட்டீர்கள். கண்ணுக்குள் மை வேண்டாம், முகத்தில் பவுடர் வேண்டாம், மாவு தேய்ப்பது வேண்டாம் என்ற மூன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

சிவப்பாகப் பிறந்தவன் கறுத்துப்போனானா?

முகச் சிவப்பைப் பற்றிப் பேசும்போது நாம் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. "பொறந்தப்ப நல்லா செவப்பா இருந்தான், அப்புறம் கறுத்துட்டான்" என்ற வாக்கியத்தைக் கேட்காத தமிழ்ப் பிள்ளை உண்டா? வெயில் பட்டது, சோப்பு சரியில்லை, குங்குமப்பூப் பால் போதவில்லை என்று காரணங்களும் வரும்.

நடப்பது வேறு. தோலுக்கு நிறம் தரும் மெலனினை உண்டாக்கும் செல்கள் பிறக்கும்போதே குழந்தையிடம் இருக்கின்றன. ஆனால் அவை முழு வேகத்தில் வேலை தொடங்குவது பிறந்த பிறகுதான். அதுவரை, மெல்லிய தோலின் வழியே அடியிலுள்ள ரத்தம் எடுப்பாகத் தெரிகிறது. பிறந்த குழந்தையின் ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவும் பெரியவர்களைவிட அதிகம். ஆக அந்தச் 'சிவப்பு' குழந்தையின் நிறமே அல்ல. அது ரத்தத்தின் நிறம். சில வாரங்களில் மெலனின் வருவது குழந்தை கறுத்துப்போவதல்ல. தன் நிறத்துக்கு வருவது. அது மரபணுவில் எழுதப்பட்டது; கர்ப்பிணி குடிக்கும் குங்குமப்பூ அந்த எழுத்தை மாற்றாது. இந்த நாட்டு வெயிலில் அந்த மெலனின் பிள்ளைக்கு ஒரு பாதுகாப்பும்கூட.

நாம் பார்க்க வேண்டிய நிறம்

இனி மஞ்சளுக்கு வருவோம். கிளினிக்கில் 'கூனிங்' என்று சொல்வது இதைத்தான். நம் சிவப்பணு ஒன்று சுமார் 120 நாள் வாழும். பிறந்த குழந்தையின் சிவப்பணு 60 முதல் 90 நாளில் உடைந்துவிடும். எண்ணிக்கையும் அதிகம், ஆயுளும் குறைவு என்றால் உடையும் அணுக்கள் மிகுதி. உடைந்த ஹீமோகுளோபினிலிருந்து பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் வரும். அதை நீரில் கரையும் வடிவமாக மாற்றி வெளியேற்றுவது கல்லீரலின் வேலை. அதற்கான நொதி முதல் வாரத்தில் இன்னும் சோம்பலாகத்தான் இருக்கும். வரவு அதிகம், செலவு குறைவு. மிச்சம் தோலில் மஞ்சளாகத் தெரியும். நிறைமாதக் குழந்தைகளில் 10 பேரில் 6 பேருக்கு இது ஓரளவு வரும். பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று நாளில் தொடங்கி, நான்காம் ஐந்தாம் நாளில் உச்சம் தொட்டு, பிறகு இறங்கிவிடும்.

ஆபத்து எங்கே என்றால், கல்லீரல் இன்னும் மாற்றாத பிலிருபின் கொழுப்பில் கரையக்கூடியது. அளவு மீறினால் அது மூளைக்குள் புகுந்து சில பகுதிகளில் படியும். அந்த நிலைக்குக் கெர்னிக்டெரஸ் என்று பெயர். பிழைத்தாலும் செவித்திறன் போகலாம், கை கால் அசைவு கட்டுப்பாட்டை இழக்கலாம். அது வந்தபின் திருப்ப முடியாது. வராமல் தடுப்பது எளிது. இவ்வளவு எளிதாகத் தடுக்கக்கூடிய மூளைச்சேதம் வேறு அதிகம் இல்லை என்றே சொல்லலாம்.

நம் அக்கம்பக்கத்திலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. 1960-களின் தொடக்கத்தில் சிங்கப்பூரில் கெர்னிக்டெரஸ் பல குழந்தைகளைப் பறித்தது. குழந்தை மருத்துவர் வோங் ஹோக் பூன், ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு அதற்கு முக்கியக் காரணம் என்று காட்டினார். இந்த நொதி குறைந்தால் சில பொருள்கள் பட்டதும் சிவப்பணுக்கள் திடீரென்று மொத்தமாக உடையும். 1965 முதல் சிங்கப்பூரில் பிறக்கும் குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்தைச் சோதிக்கத் தொடங்கினார்கள். குறைபாடுள்ள குழந்தைகளைத் தனியாகக் கண்காணித்தார்கள். அந்த நோய் அங்கே மிக அரிதாகிப்போனது. மலேசியாவிலும் இன்று பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி ரத்தத்தில் ஜி6பிடி சோதிக்கிறார்கள். உயிரியலில் நிறக்குருடு, ஹீமோஃபிலியா பற்றிப் படித்திருந்தால் இதுவும் உங்களுக்குப் புரியும். இந்த மரபணுவும் எக்ஸ் குரோமோசோமில்தான் இருக்கிறது. அதனால் ஆண் குழந்தைகளிடம் அதிகம்.

குறைபாடுள்ள குழந்தைக்கு ஆகாத பொருள்களில் ஒன்று நம் அலமாரியிலேயே இருக்கிறது. துணிக்கு நடுவே போடும் நாப்தலின் உருண்டை, அதாவது பாச்சை உருண்டை. பாட்டி பத்திரமாக எடுத்துவைத்த பழைய கம்பளியையும் சட்டையையும் அப்படியே குழந்தைக்குப் போட்டால் அந்த ஆவி மூச்சிலும் தோலிலும் ஏறும். மருதாணி பூசியதால் இப்படிப்பட்ட குழந்தைகளின் ரத்தம் உடைந்த நிகழ்வுகளும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. சிவப்புக்குப் போடும் மருந்து மஞ்சளை வரவழைக்கலாம் என்பதை இங்கே கவனியுங்கள்.

வெயிலில் காட்டினால் போதாதா?

"எங்க காலத்துல காலை வெயில்ல காட்டுவோம், சரியாப் போயிடும்" என்று பாட்டி சொல்வார். அவர் சொல்வது முழுக்கத் தவறல்ல. இங்கிலாந்தின் எசெக்ஸ் வட்டாரத்தில் உள்ள ராக்ஃபோர்ட் மருத்துவமனையில் 1956-இல் ஜீன் வார்டு என்ற தலைமைத் தாதி, குழந்தைகளை வெயில் படும்படி வெளியே கொண்டுபோவார். ஒருநாள் ஒரு குழந்தையின் துணியை விலக்கியபோது, உடலெல்லாம் மஞ்சள் குறைந்திருக்க, துணி மூடியிருந்த ஒரு முக்கோண இடம் மட்டும் மஞ்சளாகவே இருந்ததை மருத்துவர்களிடம் காட்டினார். அதே மருத்துவமனையில் ஜன்னலோரம் வெயிலில் இருந்த ரத்த மாதிரியிலும் பிலிருபின் குறைந்திருந்தது. ரிச்சர்டு க்ரீமரும் உடனிருந்தவர்களும் இதைப் பிடித்துக்கொண்டு சோதித்து, 1958-இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். இன்று உலகமெங்கும் மருத்துவமனைகளில் எரியும் நீல விளக்குகள் அங்கிருந்து வந்தவை.

நீல ஒளி, குறிப்பாக 460 நானோமீட்டர் ஒட்டிய அலைநீளம், பிலிருபின் மூலக்கூறின் வடிவத்தைத் திருகிவிடுகிறது. திருகிய வடிவம் நீரில் கரையும். கல்லீரல் நொதிக்காகக் காத்திராமல் வெளியேறும். பாட்டியின் வெயிலிலும் அந்த நீலம் உண்டு. ஆனால் எவ்வளவு என்று தெரியாது. கூடவே சூடும் புற ஊதாக் கதிரும் வரும். குழந்தையின் உடல்நீர் வற்றும். 'வெயிலில் காட்டினோம்' என்ற நிம்மதியில் ரத்தச் சோதனை தள்ளிப்போவது இன்னும் பெரிய ஆபத்து. பாட்டிக்குக் கவனிப்பு இருந்தது, அளவுகோல் இல்லை. அறிவியல் சேர்த்தது அந்த அளவுகோலைத்தான்.

பழுப்புத் தோலும் கைப்பேசிப் படமும்

"பார்த்தாலே தெரியாதா?" என்று கேட்கலாம். தெரியாமல் போவதற்கு நம் வீட்டில் மூன்று காரணங்கள் இருக்கின்றன.

முதலாவது, நம் தோல். பழுப்புத் தோலில் சிவப்பு மங்கலாகத் தெரியும். மஞ்சள் இன்னும் மங்கலாகத் தெரியும். கண்ணின் வெண்படலத்தையும் ஈறுகளையும் பார்க்க வேண்டும். தாதி விரலால் தோலை மெல்ல அழுத்தி எடுப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அழுத்தும்போது ரத்தம் விலகி, அடியிலுள்ள மஞ்சள் வெளிப்படுகிறது. ஆனால் அனுபவமுள்ள கண்ணும் அளவைச் சரியாகச் சொல்லிவிட முடியாது. அதற்கு ரத்தச் சோதனை வேண்டும்.

இரண்டாவது, நம் அறை. பத்தியக் காலத்தில் தாயும் சேயும் இருக்கும் அறையில் திரை மூடியிருக்கும், மஞ்சள் விளக்கு எரியும். அந்த வெளிச்சத்தில் எல்லா முகமும் மஞ்சள்தான்.

மூன்றாவது, கைப்பேசி. அதன் கேமரா தானாகவே நிறங்களைச் சமன்செய்கிறது. மஞ்சள் வெளிச்சம் என்று அது நினைத்தால் மஞ்சளைக் குறைத்துவிடும். நாம் தேடும் நிறத்தையே அது அழித்துவிடுகிறது. வாட்ஸ்அப்பில் படம் போட்டு "இது என்ன?" என்று கேட்பதில் பயனில்லை என்பதற்கு இதுவே காரணம். குழந்தையின் முகம் யார் யார் கைப்பேசிக்கோ போய்ச் சேர்வது தனிக் கதை.

இணையத்தில் தேடினாலும் கிடைப்பவை பெரும்பாலும் வெள்ளைக் குழந்தைகளின் படங்கள். அந்தச் சிவப்பை நம் குழந்தையிடம் தேடினால் கிடைக்காது. லண்டனில் மலோன் முகுவெண்டே என்ற இரண்டாம் ஆண்டு மருத்துவ மாணவர், பாடப்புத்தகங்கள் எல்லாமே வெள்ளைத் தோலைத்தான் காட்டுகின்றன என்று கண்டு, தம் ஆசிரியர்களோடு சேர்ந்து 2020-இல் கறுப்பு, பழுப்புத் தோலில் நோய்க்குறிகள் எப்படித் தெரியும் என்ற கையேட்டை வெளியிட்டார். ஒரு மாணவர் கேட்ட கேள்வி அது. மலாய், சீன, இந்திய, ஒராங் அஸ்லி தோல்கள் எல்லாம் உள்ள இந்த நாட்டுக்கு இப்படியொரு படத்தொகுப்பு நம் பாடப்புத்தகங்களிலும் கிளினிக் சுவர்களிலும் வேண்டும் என்பது என் விருப்பம். உங்களில் யாராவது ஒருவர் மருத்துவராகி அதைச் செய்தால் நல்லது.

எல்லாச் சிவப்பையும் விட்டுவிடலாமா?

கூடாது. 'பெரும்பாலும்' என்ற சொல்லை நான் பலமுறை எழுதியதற்குக் காரணம் உண்டு. குழந்தைக்கு 38 பாகை அல்லது அதற்கு மேல் காய்ச்சல், பால் குடிக்க மறுப்பது, துவண்டு கிடப்பது ஆகியவற்றோடு சிவப்பு வந்தால் அது வேறு விஷயம். நீர்க்கொப்புளங்கள் கொத்தாக வந்தால், தொப்புளைச் சுற்றிச் சிவந்து பரவினால், அழுத்தினாலும் மறையாத ஊதாப் புள்ளிகள் புதிதாக வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

முகத்தின் ஒரு பக்கம் மட்டும் நெற்றியிலும் இமையிலும் அடர்ந்த திராட்சைச் சாற்று நிறத்தில் திட்டு இருந்தால் அது மங்காது, குழந்தையோடு வளரும். சிலருக்குக் கண் அழுத்தமும் வலிப்பும் சேர்ந்து வரலாம் என்பதால் சீக்கிரம் சோதிக்க வேண்டும். பிறந்து சில வாரம் கழித்துத் தோன்றி, ஸ்ட்ராபெரி போலச் சிவந்து வேகமாகப் பெருக்கும் மச்சம் ரத்தக்குழாய்க் கட்டி. பல தானே சுருங்கிவிடும். கண்ணருகே வந்தால் பார்வையை மறைக்கும் முன் மருத்துவம் வேண்டும். பிரான்சின் போர்தோ நகரில் இதய நோய்க்காகப் புரோபிரனலால் என்ற மருந்தைக் கொடுத்த ஒரு குழந்தையின் முகக்கட்டி சுருங்குவதைக் கண்ட மருத்துவர்கள் 2008-இல் அதை வெளியிட்டார்கள். இன்று அதுதான் முதன்மை மருந்து.

பிரசவத்தில் முகமும் தலையும் கன்றிப்போன குழந்தையிடமும் கவனம் வேண்டும். கன்றிய இடத்தில் தேங்கிய ரத்தம் உடையும்போது பிலிருபின் கூடும். அங்கே சிவப்பே மஞ்சளுக்கு முன்னறிவிப்பு.

நீங்கள் செய்யக்கூடியவை

பிரசவம் முடிந்து ஓரிரு நாளில் தாயும் சேயும் வீடு திரும்பிவிடுகிறார்கள். பிலிருபின் உச்சம் தொடுவது அதற்குப் பிறகு. அதாவது மருத்துவர் கண்ணில் படாத நாள்களில்தான் மஞ்சள் ஏறுகிறது. இந்த இடைவெளியை நிரப்பத்தான் அரசாங்கக் கிளினிக் தாதிகள் வீட்டுக்கு வருகிறார்கள். அக்காள் பிரிக்ஃபீல்ட்ஸில் குடியிருந்து, பத்தியத்துக்குக் கிள்ளானில் உள்ள தாய்வீட்டுக்கு வந்திருந்தால், தாதி எந்த முகவரிக்குப் போவார்? கிள்ளானில் வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்குக்குச் சொல்லிவிட்டார்களா என்று கேளுங்கள். தனியார் மருத்துவமனையில் பிறந்த குழந்தைக்கும் இதைக் கேளுங்கள். ஒரு தொலைபேசி அழைப்பு. அதை நீங்களே செய்யலாம்.

பகலில் ஒருமுறை திரையை விலக்கி, ஜன்னலோர வெளிச்சத்தில் குழந்தையின் முகம், கண், மார்பு, காலைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால், மஞ்சள் கால்வரை இறங்கினால், குழந்தை பாலுக்கு எழாமல் தூங்கிக்கொண்டே இருந்தால், கீச்சென்று அழுது உடலை வில்லாக வளைத்தால் காத்திருக்க வேண்டாம். 14 நாள் கழிந்தும் மஞ்சள் போகாவிட்டாலும், மலம் வெளிறிச் சுண்ணாம்பு நிறத்தில் போனாலும் கட்டாயம் காட்ட வேண்டும். பித்தநாள அடைப்பாக இருந்தால் அறுவை சிகிச்சை இரண்டு மாதத்துக்குள் நடப்பது நல்லது.

ரத்தம் எடுத்தால் முடிவு என்ன என்று கேட்டு எழுதிவையுங்கள். லிட்டருக்கு இத்தனை மைக்ரோமோல் என்று ஓர் எண் சொல்வார்கள். வேதியியலில் நீங்கள் படிக்கும் அதே மோல்தான். அந்த எண் தனியாக எதையும் சொல்லாது. குழந்தை பிறந்து எத்தனை மணி நேரம் ஆனது என்பதோடு சேர்த்து ஒரு வரைபடத்தில் வைத்துப் பார்த்துத்தான் விளக்கு வேண்டுமா, வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். பிறந்த நேரத்தை நிமிடக் கணக்கில் ஜாதகத்துக்காகக் குறித்துவைக்கும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறதே, அந்தத் தாளைக் கிளினிக்குக்குப் போகும்போதும் கையோடு எடுத்துப் போகச் சொல்லுங்கள். அங்கே அது உண்மையிலேயே தேவைப்படும்.